தடுப்புத் தகட்டுக்கு ‘உள்நாட்டுச் சரக்கு’ சான்று மட்டும் போதுமா? பாதயாத்திரைச் சாலையிலிருந்து ஒரு கேள்வி

செம்மண்சாலை | 8 நவம்பர் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில், பழனிக்குப் பாதயாத்திரை போகிற வழியில், குன்றக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே நடக்கிற ஒரு சாலை வேலையில் சப்-கான்ட்ராக்டர் தரப்பில் தரமும் பாதுகாப்பும் பார்க்கிறேன். ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நாலு நாளாகத் தூக்கம் சரியில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு லோடு தடுப்புத் தகடு வந்து இறங்கியது. சாலையோரம் அலை அலையாக மடித்து மாட்டுவார்களே, டபிள்யூ-பீம், அதுதான். கூடவே ஒரு காகிதம்: ‘முதல் வகுப்பு உள்ளூர் சப்ளையர், உள்நாட்டு மதிப்பு 82 சதவீதம்.’ கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறது.

கேலிப்பர் வைத்துப் பார்த்தேன். 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகடு. ஒன்பது தகட்டில் அளந்தேன், ஆறு 2.6, இரண்டு 2.7, ஒன்றே ஒன்றுதான் 3-ஐத் தொட்டது. துத்தநாகப் பூச்சில் இப்போதே மாவு பூத்த மாதிரி வெள்ளை. ஐப்பசி மழைதான் என்கிறார்கள். எஃகு ஆலை தருகிற சோதனைச் சான்று, மில் டெஸ்ட் சர்டிபிகேட், கேட்டால் ஒரு நகல் கொடுத்தார்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (உலையில் ஒரு தடவை உருக்கிய எஃகுக்குப் போடுகிற எண்) தகட்டில் குத்தியிருக்கிற நம்பரும் ஒன்றில்லை.

ஸ்டோரில் சொன்ன பதில்: “உள்நாட்டுச் சரக்குன்னு சர்டிபிகேட் இருக்குல்ல? பிறகென்ன, மாட்டுங்க.”

எனக்கு ஏன் இது இவ்வளவு உறுத்துகிறது என்றால், மூன்று வருஷத்துக்கு முன் என் அத்தை மகன் வேறொரு ஊர்ச் சாலையில் தடுப்பில் மோதினான். தடுப்பு வண்டியைத் தாங்கவில்லை. கம்பம் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய மாதிரி மண்ணோடு வந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கம்பத்தில் மண் ஒட்டியிருந்த நீளம் இரண்டடிகூட இல்லை. தகடு கதவைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பிழைத்தான். இடது கால் போய்விட்டது.

உள்நாட்டுப் பொருள்தான் வாங்க வேண்டும் என்கிற விதி இந்த மாதிரி விஷயத்தில் எதையாவது காப்பாற்றுகிறதா, இல்லையா? அதுதான் கேள்வி.

---

பட்டறைக்காரன் | 8 நவம்பர், இரவு 10.25

தம்பி, மொதல்ல அந்தத் தகட்டை மாட்டாதீங்க. மாட்டிட்டா அப்புறம் கழட்டவே விடமாட்டாங்க. பில் போயிரும்.

காரைக்குடியில எனக்கு வெல்டிங், பேப்ரிகேஷன் பட்டறை. இருபத்தி மூணு வருஷமாச்சு. போர்டுக்கு ஃபிரேம், கம்பம், பாலத்துக்குக் கைப்பிடி எல்லாம் அடிச்சுக் குடுக்குறோம். அந்த விதி எங்கள மாதிரி ஆளுக்குச் சோறு போடுற விதி. அதை யாரும் கொறை சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா 2.6-ல தகடு குடுத்துட்டு ‘உள்நாடு’ன்னு சீல் அடிக்கிறவன் எங்க பேரையும் சேர்த்துத்தான் கெடுக்குறான்.

3 மில்லிக்குப் பதிலா 2.6 உருட்டினா டன்னுக்கு எத்தனை மீட்டர் கூட வரும்னு கணக்குப் போடுங்க. நூறுக்கு பதினஞ்சு. லாபம் எங்க இருக்குன்னு புரியும்.

---

வளவு_மருமகள் | 9 நவம்பர், காலை 7.10

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கொள்முதல் கணக்குப் பார்க்கிறேன். இந்தச் சான்றிதழ்களோடுதான் என் நாள் போகிறது. அதனால் அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுதிவிடுகிறேன்.

அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை என்கிற மத்திய அரசு ஆணை 2017 ஜூன் 15-இல் வந்தது. 2020 செப்டம்பர் 16-இல் திருத்தினார்கள். உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகுப்பு. 20-க்கு மேல் 50-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு. அதற்கும் கீழே போனால் உள்ளூர் சப்ளையரே இல்லை. 200 கோடிக்குக் கீழே உலக டெண்டர் விடுவதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும்.

‘உள்நாட்டு மதிப்பு’ எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? பொருளின் மொத்த விலையில் உள்நாட்டு மறைமுக வரியைக் கழித்துவிட்டு, அதிலிருந்து இறக்குமதியான பாகத்தின் விலையைச் சுங்கவரியோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். மிச்சம் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பணக் கணக்கு. தடிமன், பூச்சு, பலம் எதுவும் அந்தச் சூத்திரத்தில் எங்கேயும் வராது.

இன்னொன்று. டெண்டர் நேரத்தில் கொடுப்பது சுயசான்று. 10 கோடிக்கு மேற்பட்ட கொள்முதலுக்குத்தான் ஆடிட்டர் அல்லது காஸ்ட் அக்கவுன்டன்ட் சான்று கட்டாயம். பொய் என்று தெரிந்தால் இரண்டு வருஷம் வரை ஒதுக்கி வைக்கலாம். ஆனால் பொய்யா என்று யாராவது பார்த்தால்தானே.

உங்கள் மாதிரி வேலைக்கு வேறொரு சிக்கலும் உண்டு, செம்மண்சாலை. சாலை வேலையில் மொத்த ஒப்பந்தத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கும்போது, கிராவல், ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட், கூலி, டீசல் எல்லாம் இந்த மண்ணிலேயே கிடைப்பவை. மொத்தக் கணக்கில் உள்நாட்டு மதிப்பு தானாகவே மேலே போய்விடும். அதற்குள்ளே தடுப்புத் தகடு, வண்டி வெளிச்சத்தில் மின்னும் போர்டு, அதே மாதிரி மின்னத் தரையில் பதிக்கிற கண்மணி (ரோடு ஸ்டட்) இவை எல்லாம் சேர்ந்து சின்னப் பங்கு. உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பங்குதான். அது எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்பார் கிடையாது.

---

ஓய்வு_ஏ.இ. | 9 நவம்பர், காலை 11.32

அம்மா சொன்னது முழுக்கச் சரி. நான் நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்பைப் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அரசு வேலைகளில் உள்நாட்டு இரும்பு, எஃகுக்கு முன்னுரிமை தரும் தனிக் கொள்கையும் 2017-லேயே வந்தது. எஃகுப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச உள்நாட்டு மதிப்புக்கூட்டல் அதில் கேட்கப்படுகிறது. அதுவும் மூலத்தைக் கேட்கும் விதியே. தரத்தைக் கேட்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாலைப் பணி விவரக்குறிப்பும், இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிடும் ஏடுகளும். இந்த இரண்டு சான்றையும் ஒன்றுக்கு மற்றொன்று பதில் என்று எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

தடுப்பில் நீங்கள் பார்க்க வேண்டியவை: தகடு 3 மி.மீ.; கம்பம் 150-க்கு 75 மி.மீ. சேனல் (‘ப’ வடிவ எஃகு), கனம் 5 மி.மீ.; கம்பத்துக்குக் கம்பம் 2 மீட்டர்; தகட்டின் நடுக்கோடு தரையிலிருந்து 60 செ.மீ. உயரம், துத்தநாகம் சதுர மீட்டருக்கு 550 கிராம். ஒரு முகத்துக்கு அது என்று வைத்தால் ஏறக்குறைய 77 மைக்ரான் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). மைக்ரான் அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். ஒரு நாள் வாடகைக்குக்கூடக் கிடைக்கும்.

தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தையும் பாருங்கள். வண்டி வரும் திசையிலிருந்து பார்த்தால் வெட்டு முனை தெரியக்கூடாது. வண்டி முதலில் கடக்கும் தகடு மேலே, அடுத்த தகடு அதற்கு அடியில். நடப்பில் பல இடங்களில் மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உரசிக்கொண்டு போக வேண்டிய வண்டியை அந்த முனை கொக்கி போட்டு இழுத்துவிடும்.

இப்போது கம்பம். உங்கள் அத்தை மகன் விஷயத்தைப் படித்ததும் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

நம் சீமையில் மேலே செம்மண், அதற்குக் கீழே செம்புறாங்கல். கம்பத்தை அடிக்கும் இயந்திரம் ஒன்றரை, இரண்டு அடியில் ‘ணங்’ என்று நின்றுவிடும். அதற்குமேல் அடித்தால் கம்பத்தின் தலை மலர்ந்துவிடும். ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்று கூலி பேசியிருக்கும் ஆட்கள் என்ன செய்வார்கள்? கம்பத்தை அடியில் வெட்டிவிட்டு இறங்கிய ஆழத்திலேயே நிறுத்திவிடுவார்கள். மேலே பார்த்தால் உயரம் சரியாக இருக்கும். மண்ணுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது அரை மீட்டர்தான் இருக்கும். கல் இருக்கும் இடத்தில் ஆகர் என்ற துளையிடும் இயந்திரம் வைத்துத் துளைத்து, கம்பத்தை முழு நீளத்துக்கும் இறக்கிக் கான்கிரீட் போட வேண்டும். வேறு வழி கிடையாது.

கம்பம் எந்த நாட்டு எஃகாக இருந்தாலும் இதுதான்.

---

டிப்பர்_ராசு | 9 நவம்பர், மதியம் 2.05

ஏ.இ. அய்யா சொன்னது சத்தியம். கிராவல் லோடு அடிக்கிறவன் நான். தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு வேலையில சாலையோரம் வெட்டிப் போட்ட கம்பத் துண்டு கிடந்துச்சு, ஒவ்வொண்ணும் முழ நீளம். எடைக்குப் போடப் பொறுக்கிட்டுப் போனாங்க. அது எதுக்குன்னு அப்ப எனக்குத் தெரியல. இப்பத் தெரியுது.

---

கண்டனூரான்_டெக்சாஸ் | 9 நவம்பர், இரவு 11.50

சொந்த ஊர் கண்டனூர். பதினான்கு வருஷமாக அமெரிக்காவில் சாலை ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். இங்கே இதே கேள்வி நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன்.

கூட்டரசுப் பணத்தில் போடும் நெடுஞ்சாலைக்கு ‘பை அமெரிக்கா’ (அமெரிக்கப் பொருளையே வாங்கு) விதி 1982-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து வருகிறது. இரும்பும் எஃகும் இங்கேயே உருக்கி வார்த்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு உருட்டுவது, வளைப்பது, துளைப்பது எல்லாம் இங்கேயே. முக்கியமானது: பூச்சும் இங்கேயே பூச வேண்டும். உருகிய துத்தநாகத்தில் தகட்டை முக்குவதையும் உற்பத்தியின் ஒரு படி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் தகடு எந்த உலையில் உருகியது, எங்கே உருண்டது, எங்கே முக்கினார்கள் என்று காகிதம் படிப்படியாகச் சங்கிலி மாதிரி வரும். ஹீட் நம்பர் பொருந்தவில்லை என்றால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். இன்ஸ்பெக்டர் பொருளை இறக்கவே விடமாட்டார்.

விலக்கு இல்லாமல் இல்லை. ஒப்பந்தத் தொகையில் 0.1 சதவீதம் அல்லது 2,500 டாலர், எது அதிகமோ அந்த அளவுக்கு வெளிநாட்டு எஃகு இருக்கலாம். உள்நாட்டு எஃகால் மொத்த ஏலத்தொகை 25 சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் வழி உண்டு.

போர்டு, விளக்கு, சிக்னல் பெட்டி மாதிரி உற்பத்திப் பொருள்களுக்கு 1983 முதல் பொது விலக்கு இருந்தது. அதை இப்போது எடுத்துவிட்டார்கள். இந்த அக்டோபர் 1 முதல் கடைசிப் பொருத்துவேலை இங்கே நடக்க வேண்டும். அடுத்த அக்டோபர் முதல் பாகங்களின் மதிப்பில் 55 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டினதாக இருக்க வேண்டும். சாலைப் பாதுகாப்புச் சாமான் செய்கிறவர்கள் எல்லாம் இப்போது ஒவ்வொரு திருகாணிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது இது: தடுப்பு மோதலைத் தாங்குமா என்பதற்கு இந்த விதி எதுவும் பதில் சொல்வதில்லை. அதற்குத் தனியாக மோதல் சோதனை முறை இருக்கிறது. உண்மையான வண்டியை உண்மையான வேகத்தில் விட்டு மோதிப் பார்ப்பார்கள். இரண்டு கதவு, இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. உங்கள் ஸ்டோர்காரர் ஒரு சாவியைக் காட்டி இரண்டாவது கதவையும் திறக்கச் சொல்கிறார்.

---

செம்மண்சாலை | 10 நவம்பர், காலை 6.15

கண்டனூர் அண்ணே, அந்தச் சங்கிலிக் கணக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு சந்தேகம்: கோன், தற்காலிகத் தடுப்பு, தொழிலாளர் போடும் ஜாக்கெட் இதெல்லாம் அங்கே அந்த விதிக்குள் வருமா?

இங்கே இரவு வேலை நடக்கிறது. பையன்கள் பாதிப் பேர் ஒடிசா, பீகார். ஆரஞ்சு ஜாக்கெட் புதிதாக வந்தபோது பளபளவென்று இருந்தது. முகாமுக்குப் பக்கத்து ஊருணியில் சோப்புப் போட்டு நாலு தடவை துவைத்தார்கள். வெள்ளிப்பட்டை பொடிப்பொடியாக வெடித்து, விரலால் தடவினால் சாம்பல் மாதிரி ஒட்டுகிறது. நேற்று இரவு நூறடி தூரத்தில் ஒருவனை நிறுத்தி வண்டி விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜாக்கெட் தெரியவில்லை. அவன் பற்கள்தான் தெரிந்தன.

---

கண்டனூரான்_டெக்சாஸ் | 10 நவம்பர், காலை 8.40

சாலையில் நிரந்தரமாகச் சேரும் பொருளுக்குத்தான் அந்த விதி. வேலை முடிந்ததும் எடுத்துப் போகிற கோன், தற்காலிகத் தடுப்பு, ஆள் போடுகிற ஜாக்கெட் எதுவும் அதற்குள் வராது. ஆனால் ஜாக்கெட்டுக்கும் கோனுக்கும் தரவிதி தனியாகக் கடுமையாக இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப மனசே வரவில்லை, தம்பி.

---

துரு_ஆராய்ச்சி | 10 நவம்பர், மாலை 5.20

காரைக்குடிக்காரர்கள் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறோம். இந்தத் துறைக்கென்றே நாட்டின் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. 1948-இல் நேரு அடிக்கல் வைத்தார், 1953-இல் திறந்தார்கள். அது இந்த ஊருக்கு வரவேண்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது அங்கே முக்கியமான வேலை. கட்டடக் கம்பிக்குச் சிமென்ட்-பாலிமர் கலவைப் பூச்சு அங்கே உருவாக்கியதுதான். கடல்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் கிளையும் வைத்திருக்கிறார்கள்.

செம்மண்சாலை, உங்கள் தகட்டில் பூத்திருப்பது வெண்துருவாக இருக்கலாம். புதிதாகத் துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி அடுக்கி மழையில் விட்டால், காற்றுப் போகாமல் ஈரம் தங்கி வெள்ளையாகப் பூக்கும். பூச்சு கனமாக இருந்தால் மேலோடு நின்றுவிடும். துடைத்து, உலர்த்தி, இடைவெளி விட்டு அடுக்கினால் போதும். பூச்சு மெல்லிசாக இருந்தால் அடுத்து சிவப்பு எட்டிப் பார்க்கும். எனவே வெள்ளையை மட்டும் வைத்துக் குறை சொல்லிவிடாதீர்கள். அளந்துவிட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது ஐந்து இடம், வளைவின் உச்சியிலும் பள்ளத்திலும், துளையைச் சுற்றியும். தகட்டை முக்கியெடுத்த பிறகு துளை போட்டிருந்தால் உள்விளிம்பில் பூச்சே இருக்காது. துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

---

பட்டறைக்காரன் | 10 நவம்பர், இரவு 9.00

துளை விஷயம் நூத்துக்கு நூறு. அளவு தப்பா இருந்தா சைட்லயே கேஸ் வச்சுத் துளையைப் பெருசாக்குவாங்க. கருகின வளையம் தெரியும் பாருங்க. அப்படி ஒண்ணு இருந்தாலும் அந்தத் தகட்டை ஒதுக்கிருங்க.

---

வேலை_எடுப்பவன் | 11 நவம்பர், காலை 10.15

எல்லாரும் சைட்காரரையும் சப்ளையரையும் பேசுகிறீர்கள். நான் சின்ன ஒப்பந்ததாரன். என் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

எல்-1 என்கிற குறைந்த விலைக்குத்தான் வேலை. மதிப்பீட்டுக்குக் கீழே இருபது, இருபத்தைந்து சதவீதம் குறைத்து எடுத்தால்தான் கிடைக்கிறது. அதற்கும் கீழே சப்-கான்ட்ராக்ட் போகிறது. போர்டில் ஒட்டுகிற நல்ல மின்னும் தாளுக்கு ஒரு விலை. பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற தாளுக்கு மூன்றில் ஒரு பங்கு விலை. பில்லில் இரண்டுக்கும் ஒரே வரி: ‘விவரக்குறிப்புப்படி போர்டு, சதுர மீட்டர் இத்தனை.’ நல்லதை வாங்கினவன் நஷ்டப்படுகிறான். பாதுகாப்புச் சாமானை மட்டும் ஏலத்தில் அடித்துக் குறைக்க முடியாதபடி தனித்தொகையாக ஒதுக்கி, அளந்து, சோதித்துக் கொடுங்கள். நாங்களும் நல்லதே வாங்குவோம். மனசாட்சி எங்களுக்கும் இருக்கிறது.

---

வளவு_மருமகள் | 11 நவம்பர், மதியம் 1.30

அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அவர் சொன்ன தாளையே கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு போர்டு 10,000 ரூபாய் என்று வையுங்கள். அலுமினியத் தகடு, ஃபிரேம், கம்பம், கூலி எல்லாம் இங்கே. மேலே ஒட்டுகிற மின்னும் தாள் மட்டும் சுங்கவரியோடு 2,200 ரூபாய்க்கு இறக்குமதி. உள்நாட்டு மதிப்பு 78 சதவீதம். முதல் வகுப்பு! அந்தத் தாளுக்குப் பதிலாகத் தரமே இல்லாத தாளை 700 ரூபாய்க்கு இறக்கினால் என்ன ஆகும்? போர்டின் விலையைக் குறைக்காமல் வைத்தால் உள்நாட்டு மதிப்பு 93 சதவீதம். தாள் மட்டமாக ஆக ஆகச் சான்றிதழில் எண் உயர்கிறது. இதை யோசித்த நாளிலிருந்து அந்த எண்ணைப் பார்த்து நான் திருப்திப்படுவதில்லை.

இதற்காக உள்நாட்டு விதி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வளவில் நிற்கிற இரும்புத் தூண் கப்பலில் வந்தது, நிலைக்கதவு பர்மாத் தேக்கு. சுவரின் சுண்ணாம்புக் காரை இங்கேயே அரைத்தது, தரை ஆத்தங்குடி. நூறு வருஷமாக எல்லாம் நிற்கின்றன. எங்கள் ஐயா காலத்துக் கணக்கு நோட்டில் தேக்கு வந்த தேதி மட்டும் இல்லை. எத்தனை கட்டை வெடிப்பு என்று ஒதுக்கினார்கள் என்பதும் எழுதியிருக்கிறது. அந்த இரண்டாவது பத்திதான் நமக்கு இப்போது இல்லை.

---

குன்றக்குடி_காவடி | 12 நவம்பர், இரவு 8.05

நான் சாலை வேலைக்காரன் இல்லை. இருபத்தொன்பது வருஷமாகப் பழனிக்கு நடக்கிறவன். தைப்பூசம் பிப்ரவரி 1-ஆம் தேதி. அதற்கு முன் நகரத்தார் காவடியும், மற்ற எல்லா ஊர்க் கூட்டமும் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று நடந்து போகும். வெயிலுக்கு முன்னால் தூரத்தை முடிக்க விடியாத நேரத்திலேயே நடை. பெண்கள், வயசானவர்கள், தோளில் பிள்ளையோடு வருகிறவர்கள் எல்லாரும் அந்த இருட்டில்தான்.

முதுகிலும் பையிலும் ஒட்டிக்கொள்ள மின்னும் ஸ்டிக்கர் கொடுப்பார்கள். நல்ல காரியம். ஒரு வருஷம் எங்கள் குழுவில் இரண்டு வகை வந்தது. கொஞ்ச தூரம் பின்தங்கி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சில முதுகு நட்சத்திரம் மாதிரி எரிந்தது. சில முதுகு இருட்டாகவே இருந்தது. பகலில் இரண்டும் ஒரே மஞ்சள்.

உங்கள் வேலை நடக்கிற இடத்தில் சாலை ஓரம் வெட்டிப் போட்டிருக்கிறது. நடக்கிறவன் எங்கே ஒதுங்குவான்? தயவுசெய்து அதற்குள் ஏதாவது செய்யுங்கள், தம்பி. காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

---

ஓய்வு_ஏ.இ. | 13 நவம்பர், காலை 9.45

காவடி அவர்களின் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். நாடு முழுவதும் இறந்தவர்கள் 1,68,491 பேர். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். சாவில் அதன் பங்கு 36 சதவீதம். அகலமும் வேகமும் கூடும்போது ஓரத்தில் நிற்கும் தடுப்புக்கும் போர்டுக்கும் வேலை கூடுகிறது.

வேலை நடக்கும் இடத்துக்கு ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற ஏடு இருக்கிறது. நான்கு பகுதி: முதலில் எச்சரிக்கை, பிறகு பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வண்டியைத் திருப்பும் பகுதி, பிறகு வேலை நடக்கும் இடம், கடைசியில் பழைய பாதைக்குத் திரும்புவது. நம் ஆட்கள் மூன்றாவதில் மட்டும் நாலு கோனை வைத்துவிட்டு விடுவார்கள். வேகமாக வருகிறவனுக்கு முதல் இரண்டும்தான் உயிர். நடப்பவர்களுக்கும் தடுத்து ஒதுக்கிய தனிப்பாதை கேட்கிறது அந்த ஏடு. ஒப்பந்தத்திலும் இது இருக்கும், எடுத்துப் பாருங்கள். பாதயாத்திரையை முன்கூட்டித் தெரிந்த கூட்டம் என்று எழுதி, பொறியாளருக்குக் கடிதமாகக் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது.

தகட்டுக்கும் அப்படியே. ‘நிராகரிக்கிறேன்’ என்று எழுதாதீர்கள். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘அளந்தேன், அளவு இது, ஹீட் நம்பர் பொருந்தவில்லை, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பக் கோருகிறேன், அதுவரை தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன்’ என்று எழுதுங்கள். மாதிரி எடுக்கும்போது பொறியாளர் தரப்பு ஆளும் உடன் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். சப்ளையர் தன் கையால் தேர்ந்து கொடுக்கும் மாதிரியை வாங்கவே வாங்காதீர்கள்.

---

டிப்பர்_ராசு | 13 நவம்பர், இரவு 7.30

போர்டு சோதனைக்கு நான் ஒரு வழி சொல்றேன். ராத்திரி செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்துல, காதோரம் வச்சுக்கிட்டுப் போர்டைப் பாருங்க. நல்ல தாள்னா வெளிச்சம் அப்படியே கண்ணுக்குத் திரும்பி வரும். டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிச்சா மங்கிரும். மட்டமான தாள்னா எப்படிப் பிடிச்சாலும் ஒரே மாதிரிதான், சும்மா பெயின்ட் அடிச்ச பலகை மாதிரி. நாங்க டிரைவருங்க, எங்களுக்கு இது தெரியும். ஆபீஸ்காரங்க எல்லாம் பகல்லதான் போர்டு பார்க்க வர்றாங்க.

---

துரு_ஆராய்ச்சி | 13 நவம்பர், இரவு 8.10

ராசு அண்ணன் சொன்னது சரியான முறை. மின்னும் தாளின் வேலையே, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே அனுப்புவது. ஓட்டுநர் கண் முகப்பு விளக்குக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் அவருக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறது. ஆய்வகத்தில் கருவி அளப்பதும் அதையேதான். பலகைகள் நிறைய இருந்தால் முதலில் இப்படி வடிகட்டி, சந்தேகமானதை மட்டும் கருவிக்கு அனுப்பலாம்.

---

செம்மண்சாலை | 29 நவம்பர், மாலை 6.50

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏ.இ. அய்யா சொன்ன மாதிரியே கடிதம் எழுதினேன். முதல் நாள் வாங்க மறுத்தார்கள். மறுநாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குப் பிறகு பொறியாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். இளம் வயது. அவர் முன்னாலேயே தகடுகளை அளந்தோம். பூச்சு பாதிக்கு மேற்பட்ட இடங்களில் 40 மைக்ரானைத் தாண்டவில்லை. அவர் எதுவும் பேசாமல் கருவியைத் துடைத்து மறுபடியும் அளந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆய்வக முடிவு நேற்று வந்தது. தடிமனும் தேறவில்லை, பூச்சும் தேறவில்லை. இரண்டு லோடும் திரும்பிப் போகிறது. வேறு இடத்திலிருந்து வரும் சரக்குக்கு ஹீட் நம்பர் வாரியாகக் காகிதம் கேட்டிருக்கிறோம். அதுவும் உள்நாட்டுச் சரக்குதான், பட்டறை அண்ணே. அளந்தால் நிற்கிற உள்நாட்டுச் சரக்கு.

என்னை வேறு சைட்டுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. தை வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கம்பம்: ஏற்கனவே நட்டதில் பத்தை உருவிப் பார்த்தோம். அதில் நான்கு கம்பங்களின் அடிப்பக்கம் வெட்டியிருந்தது. அந்த வரிசை முழுவதையும் ஆகர் வைத்து மறுபடியும் இறக்குகிறார்கள். ஜாக்கெட் எல்லாம் புதிதாக வருகிறது; ஒன்றை மட்டும் ஊருணியில் நாலு தடவை துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

நடக்கிறவர்களுக்கு ஓரமாகக் கிராவல் தட்டி, தடுப்பு வைத்து ஒரு பாதை விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதன் நீளம் எவ்வளவு, எந்த இடத்தில் சாலையைக் கடக்க விடுவது என்பதில் காவடி அண்ணன் வந்து காட்டினால் நன்றாக இருக்கும். எந்த இடத்தில் கூட்டம் உட்காரும், எங்கே தண்ணீர் கொடுப்பார்கள் என்பது எங்கள் வரைபடத்தில் இல்லை.

போர்டு மொத்தம் முப்பத்தாறு. கார்த்திகை தீபம் முடிந்து வருகிற சனிக்கிழமை, டிசம்பர் 6, இரவு ஏழரைக்குக் குன்றக்குடி மலையடிவாரத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு போர்டாகப் பார்க்கப் போகிறோம். ராசு அண்ணன் வண்டி கொண்டு வருகிறார். வர முடிந்தவர்கள் ஆளுக்கொரு டார்ச் எடுத்து வாருங்கள்.

---

குன்றக்குடி_காவடி | 29 நவம்பர், இரவு 7.15

நான் வருகிறேன். எங்கள் குழுவில் இன்னும் ஆறு பேர் வருவார்கள். சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுகிறோம், நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம்.